ஊழும் ஆள்வினையும் அரசும்: கிழக்கு ஜெர்மனி காட்டும் பாடம்

முன்னுரை

திருக்குறளின் அதிகார வைப்பு முறையில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. அறத்துப்பாலின் இறுதியில் 38ஆம் அதிகாரமாக 'ஊழ்' நிற்கிறது. அதனை அடுத்துப் பொருட்பாலின் முதல் அதிகாரமாக 'இறைமாட்சி' வருகிறது. முயற்சியின் உயர்வைப் பேசும் 'ஆள்வினையுடைமை' 62ஆம் அதிகாரமாகும். அது அறத்துப்பாலுள் இடம்பெறாமல், பொருட்பாலின் 'அரசியல்' என்னும் இயலுள் அமைந்திருக்கிறது. அரசனுக்கு வேண்டிய பண்புகளுள் ஒன்றாக முயற்சி அங்கு வைக்கப்பட்டது என்பதே இயல்பான விளக்கம். எனினும், ஊழைக் கூறிய கையோடு அரசைக் கூறி, ஆள்வினையையும் அரசியலுக்குள் வைத்துப் பேசும் இவ்வமைப்பு நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

'என் வாழ்வு என் கையில்' என்று ஒருவன் துணிவதும், 'எல்லாம் தலையெழுத்து' என்று சோர்வதும் அவனுடைய உள்ளத்தை மட்டும் பொறுத்தவைதாமா? அவன் வாழும் நாட்டின் ஆட்சிமுறைக்கும் அதில் பங்கு உண்டா? ஆட்சிமுறை மாறினால் இவ்வுணர்வும் மாறுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு உரைகல்லாக, 1989ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் கிழக்கு ஜெர்மனியில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்வோம். ஒரே மொழி, ஒரே மரபு, ஒரே வரலாறு உடைய மக்கள் நாற்பது ஆண்டுகள் இருவேறு ஆட்சிகளின்கீழ் வாழ்ந்து மீண்டும் ஒன்றான நாடு அது. மனித உள்ளத்தை அரசு எவ்வாறு வனைகிறது என்பதை ஆராய இதனினும் தெளிவான களம் கிடைப்பது அரிது.

தன்வய உணர்வு - விளக்கம்

தன் வாழ்வில் நிகழ்வன தன் செயலின் விளைவுகளே என்று கருதும் மனநிலையை நாம் இங்குத் 'தன்வய உணர்வு' என்று வழங்குவோம். அவை தனக்குப் புறத்தேயுள்ள ஆற்றல்களால் விளைகின்றன என்று கருதுவது 'பிறவய உணர்வு'. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூலியன் ராட்டர் இவ்வேறுபாட்டை அளப்பதற்குரிய வினாநிரல் ஒன்றை 1966இல் வெளியிட்டார். அன்றுமுதல் உளவியலில் மிகுதியாக ஆராயப்பட்ட கருத்துகளுள் இதுவும் ஒன்றாயிற்று.

பின்வந்த ஆய்வாளர்கள் இதனைத் திருத்தியும் விரித்தும் வளர்த்தனர். பிறவயம் என்பது ஒன்றன்று, இரண்டு என்று 1970களில் ஹன்னா லெவன்சன் காட்டினார். 'என்னைவிட வலியவர்கள் என் வாழ்வை முடிவு செய்கிறார்கள்' என்று எண்ணுவது ஒன்று. 'எல்லாம் தற்செயல்' என்று எண்ணுவது மற்றொன்று. முதலாவதை 'வலியோர்வயம்' என்றும் இரண்டாவதைத் 'தற்செயல்வயம்' என்றும் கூறலாம். இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் விளைவில் வேறானவை. தற்செயலை எதிர்த்து எவரும் போராட இயலாது. வலியோரை எதிர்த்துப் போராட இயலும்.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களை ஆராய்ந்த பேட்ரீஷியா குரினும் அவருடைய குழுவினரும் 1969இல் மற்றொரு நுட்பத்தை வெளியிட்டனர். தாழ்த்தப்பட்ட ஒரு குழுவினர் தம் நிலைக்குத் தம்மையே பழித்துக்கொள்ளாமல், சமூக அமைப்பைக் காரணமாகக் காண்பது சோர்வின் அடையாளம் ஆகாது. அது கூட்டுச் செயலுக்கு அவர்களை இட்டுச் செல்லும் தெளிவாகவும் இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே, தன்வயம் முழுவதும் நன்று, பிறவயம் முழுவதும் தீது என்று வகுத்தல் பொருந்தாது. உண்மை நிலையை உள்ளவாறு அறிந்து, அதற்குள் தன்னால் இயல்வதைக் காண்பதே நலமுடைய தன்வய உணர்வாகும்.

ஒரு பழைய வழக்கு

அரசுக்கும் இவ்வுணர்வுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. இஸ்லாமிய வரலாற்றில் உமையாக்களின் ஆட்சிக் காலம் 661 முதல் 750 வரை நீடித்தது. மனிதனுக்குச் செயலுரிமை உண்டா, அல்லது அவன் காற்றில் ஆடும் இலை போன்றவனா என்னும் விவாதம் அக்காலத்தில் பெரிதாக எழுந்தது. செயலுரிமையை வலியுறுத்தியோர் 'கதரிய்யாக்கள்' எனவும், அதனை அறவே மறுத்தோர் 'ஜபரிய்யாக்கள்' எனவும் பெயர் பெற்றனர். இது வெறும் தத்துவ வழக்காக நின்றுவிடவில்லை. ஆட்சியாளர் செய்தவையெல்லாம் விதிப்படி நிகழ்ந்தவை எனில், அவர்களை எவர் தட்டிக் கேட்பது? ஆளும் தரப்புக்கு விதிவாதம் வசதியாக இருந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். செயலுரிமை பேசிய ஃகைலான் அத்திமிஷ்கீ, கலீபா ஹிஷாமின் காலத்தில் கொல்லப்பட்டார்.

பின்னர், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ, படைப்பு இறைவனுடையது, ஈட்டல் மனிதனுடையது என்னும் 'கஸ்பு' கோட்பாட்டின் வாயிலாக இரண்டற்கும் இடைப்பட்ட நெறியை விளக்கினார். இறைவனின் நாட்டத்தை நம்புவதும், அதே வேளையில் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பதும் இஸ்லாமிய வாழ்வில் முரண்படுவன அல்ல. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய 'தவக்குல்' இதுவேயாகும். கட்டுவதற்குக் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றை மக்கள் கையில் கொடுப்பதும் பறிப்பதும் பெரும்பாலும் அரசின் செயலாக இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

சுவரின் இரு புறமும்

1949இல் ஜெர்மனி இரு நாடுகளாயிற்று. 1961 ஆகஸ்டு 13ஆம் நாள் பெர்லின் நகரின் குறுக்கே தடை எழுந்தது. பின்னர் அது கற்சுவராயிற்று. கிழக்கில் வேலையின்மை என்பது அலுவல்முறையில் இல்லை. வேலை பெறும் உரிமையை அரசியல் சட்டமே வழங்கியது. வீட்டு வாடகையும் உணவுப் பொருள் விலையும் தாழ்ந்திருந்தன. ஆனால் எங்குப் பயணம் செய்வது, எதனைப் படிப்பது, எதனைப் பேசுவது என்பவற்றில் அரசின் கை ஓங்கியிருந்தது. 'ஸ்டாசி' எனப்பட்ட பாதுகாப்பு அமைச்சகத்தில் 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேரப் பணியாளர் இருந்தனர். நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம். உண்ணவும் உறங்கவும் அச்சமில்லை. ஆயினும் திசையைத் தேர்ந்து நடக்க உரிமையில்லை. இதுவே அவ்வாழ்வின் சுருக்கம் எனலாம்.

இந்நிலை உள்ளத்தில் பதித்த தடத்தை அறிய உளவியலார் சிலர் முயன்றனர். கேப்ரியேல் ஓட்டிங்கன், மார்ட்டின் செலிக்மன் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 1984ஆம் ஆண்டு சரயேவோவில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் குறித்து இரு பெர்லின் நகரங்களின் நாளிதழ்களும் எழுதியவற்றை அவர்கள் ஒப்பிட்டனர். அப்பந்தயங்களில் கிழக்கு ஜெர்மனி 24 பதக்கங்களை வென்றது. மேற்கு ஜெர்மனி வென்றவை 4 மட்டுமே. அவ்வாறாயின் கிழக்கின் இதழ்களில்தான் நம்பிக்கை மிகுந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. வெற்றி தோல்விகளுக்குக் காரணம் கூறிய முறையில் கிழக்கின் இதழ்களே நம்பிக்கை குன்றிக் காணப்பட்டன. தொழிலாளர் மாலை நேரங்களில் கூடும் மதுக்கடைகளில் அவர்களுடைய முகக்குறிப்பையும் உடல்நிலையையும் உற்று நோக்கியபோதும், கிழக்கில் புன்முறுவலும் நிமிர்ந்த தோற்றமும் குறைந்தே இருந்தன. வெற்றி மட்டும் தன்வய உணர்வைத் தருவதில்லை என்பது இதனால் பெறப்படும். அவ்வெற்றி தன்னுடையது என்னும் உணர்வும் உடன் வேண்டும்.

பள்ளிச் சிறார்

இதனினும் ஆழமானது, ஓட்டிங்கனும் அவர்தம் துணையாய்வாளர்களும் பெர்லின் பள்ளிச் சிறாரிடம் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டு முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் பயின்ற பிள்ளைகள் இதில் இடம்பெற்றனர். கிழக்கில் பழைய பள்ளிமுறை நீடித்திருந்த பொழுதே அங்குத் தரவுகள் திரட்டப்பட்டன. 'நன்கு படிக்க என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை கிழக்குப் பெர்லின் சிறாரிடம் மேற்கினரைவிடக் குறைந்திருந்தது. அதோடு, கிழக்கில் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையும் அது பெற்ற மதிப்பெண்ணும் மிக நெருங்கி நின்றன. நல்ல மதிப்பெண் பெற்றவன் தன்னை வல்லவனாகக் கருதினான். குறைந்த மதிப்பெண் பெற்றவன் தன்னை இயலாதவனாகவே உறுதி செய்துகொண்டான்.

இதற்குக் காரணம் என்ன? கிழக்கின் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே அளவுகோல். மதிப்பீடு வகுப்பார் அனைவர் முன்னிலையிலும் நிகழ்ந்தது. தன்னைப் பற்றிப் பிறர் கூறிய மதிப்பீட்டைப் பிள்ளை அப்படியே தன் மதிப்பீடாக ஏற்றுக்கொண்டது. மேற்கின் பள்ளிகளில் பாடமும் பயிற்சியும் பலவகைப்பட்டிருந்தமையால், ஒன்றில் பின்தங்கியவன் மற்றொன்றில் தன்னைக் காண இடம் இருந்தது. ஆட்சிமுறை நேரே பிள்ளையின் உள்ளத்துள் நுழைவதில்லை. பள்ளி, பாடத்திட்டம், ஆசிரியரின் சொல் ஆகிய வாயில்கள் வழியாகவே நுழைகிறது. ஆசிரியப் பணியில் உள்ள நாம் இதனை எளிதில் கடந்து செல்லலாகாது.

1989: மூன்று ஆற்றல்களின் கூட்டு

1989ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் லைப்சிக் நகரின் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கட்கிழமைதோறும் வழிபாட்டுக்குக் கூடியவர்கள் ஊர்வலமாக வெளியே வந்தனர். அக்டோபர் 9ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் தெருவில் திரண்டனர். துப்பாக்கிச் சூடு நிகழுமோ என்னும் அச்சம் நகரெங்கும் நிலவியது. படையினர் சுடவில்லை. 'மக்கள் நாமே' என்பது அவர்களின் முழக்கம். தனி மனிதனாக எதையும் மாற்ற இயலாது என நாற்பது ஆண்டுகள் கற்றவர்கள், கூட்டமாக நின்றபோது இயலும் எனக் கண்டுகொண்ட நாள் அது.

நவம்பர் 9ஆம் நாள் மாலை, ஆளுங்கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர் கூட்டத்தில் புதிய பயண விதிகளை அறிவித்தார். அவை எப்பொழுது நடைமுறைக்கு வரும் என்று கேட்டபோது, தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று விடையிறுத்தார். ஆட்சியாளர் எண்ணியிருந்தது அதுவன்று. செய்தி கேட்ட மக்கள் எல்லை வாயில்களில் திரண்டனர். அன்றிரவே வாயில்கள் திறந்தன. லெவன்சன் பிரித்துக் காட்டிய மூன்றும் இவ்வொரு நிகழ்ச்சியில் கூடி நிற்பதைக் காண்கிறோம். திரண்டு வந்தது மக்களின் தன்வயம். சுடாமல் விலகி நின்றது வலியோர்வயம். நாத்தவறிய ஒரு விடை தற்செயல்வயம். பெரிய அரசியல் மாற்றங்கள் எவையும் இம்மூன்றில் ஒன்றால் மட்டும் நிகழ்வதில்லை.

ஒன்றிணைப்பிற்குப் பின்

1990 மார்ச்சு 18இல் நடைபெற்ற முதல் சுதந்திரத் தேர்தலில் கிழக்கு ஜெர்மனி மக்களுள் 93 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். சூலை முதல் நாள் மேற்கின் நாணயம் கிழக்கிலும் வழக்குக்கு வந்தது. அக்டோபர் 3ஆம் நாள் நாடு ஒன்றாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் கிழக்கில் வாக்களித்தோர் ஏறத்தாழ 75 விழுக்காட்டினரே. ஒன்பதே மாதங்களில் நேர்ந்த இவ்விறக்கம் கருதத்தக்கது.

இடையில் நிகழ்ந்தது என்ன? அரசுடைமைத் தொழிலகங்களைத் தனியாருக்கு மாற்றும் பொறுப்பு 'ட்ராய்ஹாண்ட்' என்னும் அமைப்பிடம் தரப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 8,500 தொழிலகங்களும் அவற்றில் பணியாற்றிய 40 இலட்சம் மக்களும் அதன் பொறுப்பில் இருந்தனர். 1994இன் இறுதியில் அவ்வமைப்பு தன் பணியை முடித்துக்கொண்டபோது, பல தொழிலகங்கள் மூடப்பட்டிருந்தன. பெருந்தொகையினர் வேலை இழந்திருந்தனர். 1990களின் பிற்பகுதியில் கிழக்கில் வேலை தேடியோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்னும் அளவை நெருங்கினர். இருபது ஆண்டுகள் ஒரே பட்டறையில் திறம்பட உழைத்த ஒருவர், தம்முடைய குறை எதுவும் இன்றி ஒரே நாளில் வேலையற்றவரானார். நேற்றுவரை அவரை ஆண்டது கட்சி; இன்று ஆள்வது சந்தை. இரண்டும் அவருடைய கைக்கு எட்டவில்லை.

இவ்வதிர்ச்சியின் ஆழத்தைத் தொட்டிற்கணக்கும் கூறுகிறது. கிழக்கு ஜெர்மனியில் 1989இல் ஏறத்தாழ 1,99,000 குழந்தைகள் பிறந்தன. 1994இல் பிறந்தவை ஏறத்தாழ 79,000. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.77 குழந்தை என்னும் அளவுக்குப் பிறப்பு வீதம் தாழ்ந்தது. போரில்லாக் காலத்தில் இத்தகைய வீழ்ச்சியைக் காண்பது அரிது. நாளையைப் பற்றிய உறுதி இல்லாதபோது மனிதன் முதலில் ஒத்திப்போடுவது நாளைய தலைமுறையையே. எனினும் இவ்வெண்ணை ஒரே பொருளில் படித்தல் கூடாது. இளம்பெண்கள் பலர் மேற்கே குடிபெயர்ந்தனர். வேறு சிலர் மேற்கின் வழக்கம்போல் கல்வியையும் தொழிலையும் முன்வைத்துத் தாய்மையைத் தாமே விரும்பித் தள்ளிவைத்தனர். ஆகவே அவ்வீழ்ச்சியில் தன்வயம் குறைந்தோரும் உண்டு. தன்வயம் கூடியோரும் உண்டு. ஒரே அரசியல் மாற்றம் ஒருவனுக்குக் கதவாகவும் மற்றொருவனுக்குச் சுவராகவும் அமைவதை இது காட்டுகிறது.

பெயர்ந்தோரும் கோப்புகளும்

மாற்றத்தின்போது எல்லாரும் ஒரே வகையில் வீழ்வதில்லை. கிழக்கிலிருந்து மேற்குப் பெர்லினுக்குப் பெயர்ந்தோரை மத்தியாஸ் எருசலேம் என்பாரும் அவர்தம் துணையாய்வாளரும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். தம் திறனில் நம்பிக்கை மிக்கோர் புதிய ஊரின் இடர்களை அறைகூவலாக ஏற்றனர். உடல்நலக் குறைபாடுகளும் அவர்களிடம் குறைவாக இருந்தன. நம்பிக்கை குன்றியோர் அதே இடர்களை அச்சுறுத்தலாகக் கண்டனர். அரசு புயலைக் கொண்டுவரலாம். அப்புயலில் கப்பல் நிற்பதற்கு அகத்தே உள்ள நங்கூரமும் வேண்டும். அரசு மட்டுமே மனிதனை ஆக்குகிறது என்னும் முடிவுக்கும் நாம் சென்றுவிடாதிருக்க இவ்வாய்வு துணைபுரிகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. 1991 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1992 சனவரி முதல் ஸ்டாசியின் கோப்புகளைப் பாதிக்கப்பட்டோர் தாமே பார்வையிட வழி ஏற்பட்டது. மறுக்கப்பட்ட பல்கலைக்கழக இடம், கிடைக்காத பதவி உயர்வு, பாதியில் நின்ற ஒரு நட்பு ஆகியவற்றைத் தம் குறையென்றோ தம் ஊழென்றோ எண்ணியிருந்தவர்கள் அத்தாள்களைப் படித்தபோது, அவற்றுக்குப் பின்னால் ஒரு கை இருந்ததை அறிந்தனர். அவ்வறிவு வேதனை தந்தது. ஆயினும், ஊழ் என்று கருதியது ஊழன்று, அது ஓர் அலுவலரின் குறிப்பு என்று அறிவது மனிதனுக்கு அவனுடைய வாழ்வின் ஒரு பகுதியைத் திரும்பத் தருவதாகும். தற்செயல்வயமாகத் தோன்றியதை வலியோர்வயம் என அறிவதே நீதி கேட்பதன் முதற்படி.

நாம் பெறும் தெளிவு

உரிமை வந்தால் தன்வய உணர்வும் தானே வளரும் என்று எண்ணுதல் எளிது. அதனை மறுக்கும் சான்றும் உண்டு. 1960களின் தொடக்கம் முதல் 2002 வரை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, ஜீன் ட்வெங்கியும் பிறரும் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, அங்குப் பிறவய உணர்வே தொடர்ந்து வளர்ந்திருந்தது. 2002ஆம் ஆண்டின் சராசரி மாணவர், 1960களின் தொடக்கத்து மாணவருள் 80 விழுக்காட்டினரைவிடப் பிறவய உணர்வு மிக்கவராக இருந்தார். தேர்தலும் பேச்சுரிமையும் உள்ள நாட்டிலேயே இந்நிலை. எனவே, சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை வேறு. 'நான் செய்தால் நடக்கும்' என்னும் பட்டறிவு வேறு. முன்னது பின்னதற்கு வழிகோலலாம். ஆயினும் அன்றாட வாழ்வில் செயலுக்கும் பயனுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் தொடர்பு இருந்தாலன்றிப் பின்னது விளையாது. கிழக்கு ஜெர்மனியின் பழைய ஆட்சி அத்தொடர்பை அச்சத்தால் அறுத்தது. புதிய மாற்றம் அதனை வேகத்தால் அறுத்தது.

இதிலிருந்து கற்போருக்கும் கற்பிப்போருக்கும் பெறப்படும் பாடம் ஒன்று உண்டு. தோல்வியுற்று நிற்கும் மாணவரிடம் நாம் இரண்டு சொற்களுள் ஒன்றைக் கூறிவிடுகிறோம். 'எல்லாம் உன் முயற்சியில்தான் இருக்கிறது' என்பது ஒன்று. 'எல்லாம் விதிப்படிதான் நடக்கும்' என்பது மற்றொன்று. முதற்சொல், மூடப்பட்ட தொழிலகத்தின் உழைப்பாளியிடம் 'நீ சரியாக உழைக்கவில்லை' என்று கூறுவதற்கு ஒப்பாகும். இரண்டாவது சொல், லைப்சிக் தெருவில் இறங்கியவர்களை வீட்டுக்குத் திரும்பச் சொல்வதற்கு ஒப்பாகும். இரண்டும் முழு உண்மையல்ல. எது உன் கையில் இருக்கிறது, எது பிறர் கையில் இருக்கிறது, பிறர் கையில் உள்ளதை எவருடன் சேர்ந்து கேட்கலாம் என்று பிரித்துக் காட்டுவதே கல்வியின் கடமை. பெர்லின் சிறாரின் ஆய்வு காட்டியதுபோல், மதிப்பெண்ணை வகுப்பார்முன் உரக்கப் படிக்கும் நம் குரலும் ஒரு பிள்ளையின் ஊழாக மாறிவிடக்கூடும்.

நிறைவுரை

தன்வய உணர்வு பிறவியிலேயே அமைந்துவிடும் குணமன்று. வெறும் அறிவுரையால் வருவதுமன்று. ஆட்சிமுறை, பள்ளி, தொழில், கூட்டுச்செயல் ஆகியவற்றின் ஊடே அது வளர்கிறது, தேய்கிறது, மீண்டும் துளிர்க்கிறது. கிழக்கு ஜெர்மனி மக்கள் ஒரே தலைமுறையில் இம்மூன்றையும் கண்டனர். அச்சம் நீங்கினால் மட்டும் அது நிறைவடைவதில்லை. உழைப்புக்குப் பயன் உண்டு என்னும் உறுதியும் உடன் வேண்டும்.

ஆள்வினையை அரசியலுக்குள் வைத்த திருக்குறளின் அமைப்பை இந்நோக்கில் மீண்டும் காணும்போது, அதற்குப் புதியதொரு பொருள் புலப்படுகிறது. முயல்வது குடிமகனின் கடமை எனில், முயற்சி வீண்போகாத நாட்டை அமைப்பது அரசின் கடமை. ஒட்டகத்தைக் கட்டச் சொல்லும் சமுதாயம் அதற்குரிய கயிற்றையும் வழங்க வேண்டும். அதன்பின் விளைவை இறைவனிடம் ஒப்படைத்து அமைதி கொள்வதே முறையாகும்.